7, பூர் லாபே வீதி

பாரிஸின் மூன்றாம் வட்டாரத்தில், செபஸ்தோபோல் பெருந்தெருவுக்கும் சென் மார்த்தன் வீதிக்கும் நடுவே கிடக்கிற சின்னத் தெரு பூர் லாபே. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும், அவ்வளவுதான் நீளம். எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் கோப்பை கழுவிய உணவகம் அதற்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வேலை முடிந்து எத்தியன் மார்செல் மெற்றோவுக்குப் போகிறவன் பூர் லாபேக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆனாலும் நான் அந்த வழியாகத்தான் போவேன். தெருவெல்லாம் அடங்கிப்போன அந்த நேரத்தில்தான் 7ஆம் இலக்கக் கட்டடத்துக்குப் பொழுது விடியும்.

வாசலுக்கு மேலே தாடி வைத்த ஒரு கல்முகம். அதன் கீழே எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். பனி கொட்டினாலும் தோளை மூடாத பெண்கள், காரில் வந்து இறங்கி வரிசையைத் திரும்பியும் பாராமல் உள்ளே போகிறவர்கள், வாசலில் நிற்பவரிடம் யார் யாருடைய பெயரையோ சொல்லிப் பார்த்து, சரிவராமல் திரும்புகிறவர்கள். கதவு திறந்து மூடும் அந்த ஒரு கணத்தில் உள்ளேயிருந்து வரும் பேஸ் சத்தம் நடைபாதைக் கல்லுக்குள்ளால் ஓடிவந்து உள்ளங்காலில் முட்டும். நான் எதிர்ப்பக்கத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே போகவேண்டும் என்று ஆசைப்பட்டதாக நினைவில்லை. ஊரில் பொழுதுபட்டால் றோட்டில் மனிதர் நடமாடாத காலம் அது. இங்கே என்னவென்றால் நடுச்சாமத்தில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போகப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் பெரிய புதினமாக இருந்தது.

இரவு விடுதியின் பெயர் லே பான் தூஷ். குளியல் இல்லம் என்றுதான் அர்த்தம், உண்மையிலும் அது குளியல் இல்லமாக இருந்த கட்டடம்தான். கேர்புவா குடும்பத்தார் 1885இல் கட்டியது. பாரிஸில் அநேகமான வீடுகளுக்குள் குளிக்க வசதி இல்லாத காலம். கூப்பிடு தூரத்தில் லே ஆல் பெருஞ்சந்தை. இரவு முழுக்க இறைச்சியும் மரக்கறியும் சுமந்து களைத்தவர்கள் விடியப்புறம் இங்கே வந்து, இரத்தமும் மண்ணும் போகக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எழுத்தாளர் மார்செல் புரூஸ்தும் இங்கே வந்து போனவர். சந்தைக்காரர்களுக்கும் அவருக்கும் ஒரே கட்டடம் வெந்நீர் கொடுத்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1969இல் சந்தையை நகருக்கு வெளியே ரன்ஜிஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அந்தப் பெரிய இரும்புக் கூரைகளை இடித்தார்கள். நகரத்தின் வயிற்றில் ஒரு பெருங்குழி பல வருடம் திறந்தபடி கிடந்தது. 1977இல் அருகே பொம்பிடூ மையம் எழும்பியது. குழி இருந்த இடத்தில் 1979 செப்டெம்பரில் நிலத்துக்குக் கீழான கடைத்தொகுதி திறந்தது. சந்தையை நம்பியிருந்த பகுதி சந்தை போனபின் என்ன ஆவது என்று தெரியாமல் நின்ற வருடங்கள் அவை. வாடகை மலிவு, பழைய கட்டடங்கள் காலி. அந்த இடைவெளிக்குள்தான் பாரிஸின் பங்க் இளைஞர்கள் புகுந்தார்கள். லொம்பார் வீதியில் மார்க் ஸெர்மதி நடத்திய 'ஓப்பன் மார்க்கெற்' இசைத்தட்டுக் கடை அவர்களுக்குக் கோயில் வீதி. 1978இல் குளியல் இல்லம் இரவு விடுதியானது. உள்ளலங்காரம் செய்த பிலிப் ஸ்டார்க்குக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரச் சதுரமாய் டைல்ஸ் பதித்து, குளியல் தொட்டியையும் விட்டுவைத்து, தண்ணீர் புழங்கிய இடம் என்பது மறக்காதபடி செய்திருந்தார்.

மான்செஸ்டரில் இருந்து நான்கு பேர் அங்கே வந்து வாசித்தது 1979 டிசெம்பர் 18, செவ்வாய்க்கிழமை. குழுவின் பெயர் ஜோய் டிவிஷன். அந்த இரவில் நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பெடியன். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே அந்தத் தெருவுக்குப் பக்கத்துச் சமையலறையில்தான்.

எங்கள் உணவகத்தில் குளிர்ச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டவன் ஒரு பிரெஞ்சுக்காரன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், அதிகம் கதைக்காதவன். கழுவுதொட்டிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு கசெற் றேடியோ வைத்திருந்தான். வெந்நீர் ஆவி உள்ளே போகாமல் இருக்க அதை ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றி, ஒலிபெருக்கி இருந்த பக்கம் மட்டும் கத்தியால் கீறிவிட்டிருந்தான். பொத்தானை அழுத்துவதென்றால் பைக்கு வெளியே இருந்து விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசிச் சாப்பாட்டுத் தட்டு வெளியே போனபின், பெரிய சட்டிகள் தேய்க்கும் நேரத்தில்தான் அது பாடும்.

ஒரு கசெற்றில் பாடகர் பெயர் எதுவும் இல்லை. நீல மையால் 18-12-79 என்று மட்டும் எழுதியிருந்தது. வானொலியில் போனதைத் தன் தமையன் பிடித்து வைத்தது என்றான். எங்கே நடந்தது என்று கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியாலேயே பின்சுவரைக் காட்டினான். சுவருக்கு அந்தப்பக்கம், இரண்டு கட்டடம் தள்ளி, பூர் லாபே.

முதல் சில இரவுகள் அந்தக் கசெற் எனக்குச் சட்டிச் சத்தத்தோடு சேர்ந்த இன்னொரு சத்தம். ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனால் அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. முதலில் என் காதுக்கு வந்து சேர்ந்தது பேஸ் கிற்றார்தான். பேஸ் என்றால் அடியில் உறுமிக்கொண்டு கிடக்கும், பாட்டு அதன்மேல் நடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பேஸ் மேலே ஏறி நின்று ராகம் சொல்கிறது. 'டிஸ்ஓடர்' பாட்டில் ட்ரம்ஸ் தொடங்கிய கையோடு பீட்டர் ஹுக்கின் பேஸ் வந்து பாட்டின் முகத்தைக் காட்டிவிடுகிறது. பேர்னார்ட் சம்னரின் கிற்றார் அதற்குப் பிறகுதான் பக்கவாட்டால் கீறிக்கொண்டு நுழைகிறது. ஹுக் அப்படி வாசிக்கப் பழகியதற்கு ஏழ்மைதான் காரணம். ஆரம்ப நாட்களில் அவரிடம் இருந்த ஒலிபெருக்கி திறமில்லாதது; கீழ்ச் சுரங்களில் வாசித்தால் சம்னரின் கிற்றார் இரைச்சலுக்குள் தான் வாசிப்பது தனக்கே கேட்காது. கேட்பதற்காக மேல் சுரங்களுக்குப் போனார். அதில் நல்ல துண்டு ஒன்று விழுந்தால் பாடகர் இயன் கேர்ட்டிஸ் அதைப் பிடித்துக்கொண்டு, இதையே வாசி என்பார். இப்படித்தான் அவர்களுடைய பாட்டுகள் பிறந்தன.

1976 ஜூன் 4ஆம் திகதி மான்செஸ்டரில் ஒரு சின்ன மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்ததைக் கேட்கப் போன கொஞ்சப் பேரில் சம்னரும் ஹுக்கும் இருந்தார்கள். மறுநாளே ஹுக் ஒரு பேஸ் கிற்றார் வாங்கிவிட்டார். வாசிக்கத் தெரியாதவனும் மேடை ஏறலாம் என்பது பங்க் கொடுத்த துணிச்சல். ஏறியபின் என்ன செய்வது, கோபம் தீர்ந்தபின் மிஞ்சியிருப்பதை என்ன செய்வது என்று தேடியவர்களின் இசையைத்தான் பின்னாளில் போஸ்ட் பங்க் என்றார்கள். ஜோய் டிவிஷன் அந்தத் தேடலில் வெகுதூரம் போனவர்கள். மூன்று வருடத்துக்குள் ஃபாக்டரி நிறுவனத்தின் வெளியீடாக, 1979 ஜூனில், 'அன்னோன் பிளெஷர்ஸ்' வந்துவிட்டது.

அந்த இசைத்தட்டைப் பிரெஞ்சுக்காரன் பிறகு எனக்குக் கசெற்றில் எடுத்துத் தந்தான். கேட்டபோது வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹனெட் ஒலியைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வெறுமையை வைத்து அடுக்குகிறவர். ஸ்டீபன் மொரிஸை ட்ரம்ஸின் ஒவ்வொரு பகுதியையும் வேறுவேறாக அடிக்கவைத்துப் பதிந்தார். ஸ்ரூடியோவில் ஓடிய லிஃப்ற்றின் சத்தத்தையும் பிடித்துப் பாட்டுக்குள் போட்டார். குளிர்ந்த, அழகான, எந்த ஊரிலும் இல்லாத ஓர் இடம் அந்த இசைத்தட்டுக்குள் இருக்கிறது. சம்னருக்கும் ஹுக்குக்கும் அது அப்போது பிடிக்கவில்லை. தாங்கள் மேடையில் வாசிப்பதுபோல் அது இடிக்கவில்லை என்பது அவர்கள் மனக்குறை. காலம் ஹனெட் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் அந்த இருவரும் எதை இழந்ததாக நினைத்தார்கள் என்பது தெரியவேண்டுமானால் பூர் லாபே இரவைத்தான் கேட்கவேண்டும்.

டைல்ஸ் பதித்த அறைக்குள் சத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்பது கோப்பை கழுவியவனுக்குத் தெரியும். ஒரு கரண்டி விழுந்தால் அது மூன்று தரம் விழும். தண்ணீரைத் திறந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் சொல்வது கேட்காது. ஆனால் மூலையில் இருப்பவனின் இருமல் காதுக்குள் கேட்கும். மென்மையான எதுவும் இல்லாத அறை சத்தத்தை விழுங்காது, திருப்பி எறியும். அந்தக் கசெற்றில் மொரிஸ் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அப்படி ஒரு சுவரை நான் கேட்டேன். 'இன்சைட்' பாட்டின் நடுவில் மின்-ட்ரம் வெடித்துச் சிதறுகிற இடத்தில் அந்தச் சிதறல் அறை முழுக்க ஓடித் திரும்புகிறது. கைதட்டல் பெரிதில்லை. ஆட்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது தெரிகிற கைதட்டல். உள்ளே ஒருநாளும் கால் வைக்காத அந்தக் கட்டடத்தின் உயரத்தையும் அகலத்தையும் நான் காதால் அளந்து வைத்திருந்தேன். வேலை முடிந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்கும்போது, கதவுக்கு அப்பால் மேடை எந்தப் பக்கம், ஆட்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றிருப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்தவன் போல நின்றேன்.

பாட்டின் வேகத்தையும் சொல்லவேண்டும். ஸ்ரூடியோவில் நிதானமாக நடந்த பாட்டுகள் இங்கே ஓடுகின்றன. 'ஷடோபிளே' பேஸோடும் மெல்லிய தாளத் தட்டோடும் தொடங்கும். கிற்றார் வந்து விழுகிற இடத்துக்காக உடம்பு காத்திருக்கும். விழுந்ததும் இடம் இரண்டாகிவிடும். கையில் இருக்கும் சட்டியைத் தேய்ப்பதை அந்த இடத்தில் நான் நிறுத்தியே இருக்கிறேன். 'ட்ரான்ஸ்மிஷன்' வானொலியைப் பற்றிய பாட்டு. அது வானொலி வழியாகவே ஒரு வீட்டுக்குப் போய், கசெற்றில் ஏறி, எங்கள் தொட்டிக்கு மேலே வந்து பாடியது. கேர்ட்டிஸ் அதைத் தாழ்ந்த குரலில், செய்தி வாசிக்கிறவர் போலத் தொடங்குகிறார். கடைசியில் குரல் கிழிகிறது. ஸ்ரூடியோப் பதிவில் அந்தக் கிழிசலுக்கு ஒரு அளவு உண்டு. இங்கே அளவில்லை. அடுத்து வருகிற 'டே ஒஃப் த லோட்ஸ்' பாரமான பாட்டு. அதையும் அவர்கள் இழுத்துக்கொண்டு நிற்காமல் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

லாசப்பலுக்குக் கிட்ட ஓர் அறையில் நாங்கள் சில பேர் சேர்ந்து இருந்தோம். அங்கே நான் இந்தக் கசெற்றைப் போட்டபோது மூத்தவரான அண்ணை ஒருவர் பாய்க்குள் இருந்தபடியே, "உதென்னடாப்பா ஒப்பாரி, நிப்பாட்டு" என்றார். அவர் விடியப்புறம் எழும்பி அலுவலகங்கள் துப்பரவாக்கப் போகிறவர், நித்திரைக்காகச் சொன்னார். நிப்பாட்டினேன். ஆனால் ஒப்பாரி என்ற அந்தச் சொல்லோடு நான் மனதுக்குள் வெகுகாலம் வழக்காடினேன். ஏனென்றால் உலகமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இயன் கேர்ட்டிஸ் 1980 மே 18ஆம் திகதி, அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பூர் லாபே இரவுக்குப் பிறகு சரியாக ஐந்து மாதம். வயது இருபத்து மூன்று. 1978 டிசெம்பர் கடைசியில் லண்டனில் வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவருக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தது. பிறகு அது விடவில்லை. ஒரு பச்சைக் குழந்தையின் தகப்பன். இவ்வளவும் தெரிந்தபின் யாரும் அந்தப் பாட்டுகளை முன்னிருந்து பின்னாகக் கேட்பதில்லை. சாவில் இருந்து திரும்பி நடந்துவந்து, ஒவ்வொரு வரியிலும் அந்த மே மாதத்தைத் தேடுகிறார்கள். இரண்டாவது இசைத்தட்டான 'குளோசர்' அவர் இறந்தபின் 1980 ஜூலையில் வந்தது. அதைக் கேட்கிறவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போய்விட்டது.

எங்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. ஊரில் இருந்து கடிதத்திலும் தொலைபேசியிலும் வந்து சேர்ந்த பெயர்களில் இருபத்து மூன்று வயதுக்காரர் பலர். ஒருவன் செத்துப்போனான் என்று கேட்டவுடன் அவனுடைய பழைய கதை முழுக்க மாறிவிடும். ரியூசனுக்கு ஒன்றாகச் சைக்கிளில் போனது, கிணற்றடியில் கத்திக் கத்திப் பாடியது, காரணமே இல்லாமல் சிரித்தது எல்லாம் ஏதோ முன்னறிவித்தல் போல ஆகிவிடும். அவன் அன்றைக்கே ஒருமாதிரி இருந்தான் என்று யாராவது ஒருவர் சொல்லுவார். இல்லை, அவன் அன்றைக்கு நல்லாக இருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

அதனால்தான் 18-12-79 என்று எழுதிய அந்தக் கசெற் எனக்கு அவ்வளவு பெறுமதியானது. அந்த இரவில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. மேடையில் நின்றவர்களுக்குத் தெரியாது, கீழே நின்றவர்களுக்குத் தெரியாது. கேர்ட்டிஸின் குரலில் இருப்பது முழு உடம்பின் பலம். தாளத்துக்கு முன்னால் ஓடப் பார்க்கிற, மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு போகிற ஒரு இளைஞனின் குரல். 'லவ் வில் டெயர் அஸ் அபார்ட்' இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு. பின்னாளில் அதைக் கல்லறையிலும் பொறித்தார்கள். அன்றிரவு பாரிஸில் அது இசைத்தட்டாக வராத புதுப்பாட்டு. சம்னர் கிற்றாரை வைத்துவிட்டுக் கீபோர்டுக்குப் போக, கேர்ட்டிஸ் தானே ஒரு கிற்றாரை மாட்டிக்கொண்டு பாடுவார். அவர் பெரிய வாசிப்புக்காரர் இல்லை. அந்த முரட்டுத்தனமான தட்டலோடு பாட்டு வேகமாக, அவசரமாக, ஏறக்குறைய சந்தோஷமாகப் போகிறது. முடிந்ததும் ஆட்கள் மற்றப் பாட்டுகளுக்குத் தட்டிய அதே அளவுதான் கை தட்டுகிறார்கள். அந்தச் சாதாரணக் கைதட்டல் எனக்குப் பெரிய விஷயம். தாங்கள் என்ன கேட்டோம் என்பது தெரியாதவர்களின் கைதட்டல் அது.

அந்த இரவில் இருந்து பின்னாளில் அல்பமாக வந்தவை ஒன்பது பாட்டுகள். நான்கு 'அன்னோன் பிளெஷர்ஸ்' இசைத்தட்டில் இருந்தவை. 'ட்ரான்ஸ்மிஷன்' அப்போதுதான் தனித்தட்டாக வந்திருந்தது. மிச்சம் நான்கும் கடையில் வாங்க முடியாதவை: 'லவ் வில் டெயர் அஸ் அபார்ட்', 'ட்வென்ரி ஃபோர் அவர்ஸ்', 'தீஸ் டேய்ஸ்', 'எ மீன்ஸ் டு ஆன் எண்ட்'. முதல் இசைத்தட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாரிஸுக்கு வந்து பழையதை விற்றுவிட்டுப் போகலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. 'ட்வென்ரி ஃபோர் அவர்ஸ்' தணிந்து தணிந்து எழும்புகிற பாட்டு. எழும்பும் இடங்களில் நான்கு பேரும் ஒரே மூச்சில் பாய்கிறார்கள், தணியும் இடங்களில் ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். 'குளோசர்' இசைத்தட்டில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது தனியாக இருக்கிற ஒருவன் நினைவுக்கு வருவான். இங்கே நான்கு நண்பர்கள் தெரிகிறார்கள்.

குழுவின் வேறு மேடைப் பதிவுகளும் உண்டு. கேர்ட்டிஸ் கடைசியாகப் பாடிய 1980 மே 2ஆம் திகதி பேர்மிங்ஹாம் நிகழ்ச்சி 1981இல் வந்த 'ஸ்ரில்' தொகுப்பில் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்க மனம் வருவதில்லை. 1980 பெப்ரவரியில் பிரெஸ்ரனில் நடந்ததில் கருவிகள் பழுதாகி ஒரே அமளி. அதை விரும்பிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன். பூர் லாபே பதிவில்தான் நான்கு பேரும் சேர்ந்து தங்கள் உச்சத்தில் இருக்கிறார்கள் என்பது என் முடிவு. அதை இந்த வயதில் மாற்றிக்கொள்வதாக இல்லை.

பிரெஞ்சுக்காரன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது கசெற்றை எனக்கே விட்டுவிட்டுப் போனான். றேடியோவை அவன் கொண்டுபோய்விட்டான், அது நியாயம். கடைசி மெற்றோவைத் தவறவிட்ட இரவுகளில் காதில் வோக்மனோடு செபஸ்தோபோல் பெருந்தெரு வழியே வடக்கே நடப்பேன். சென் டெனி வாசல் வளைவு, அதைத் தாண்டினால் ஸ்ட்ராஸ்பூர் பெருந்தெரு, கிழக்குப் புகையிரத நிலையம், பிறகு எங்கள் லாசப்பல். கசெற்றின் ஒரு பக்கம் முடிய ஏறக்குறைய வீட்டு வாசல் வரும். அப்போது லாசப்பலில் எங்கள் கடைகள் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். மூடிய கடைக் கதவுக்கு முன்னால் கறிவேப்பிலைப் பெட்டி வாசம் வரும். ஜோய் டிவிஷனின் பேஸையும் கறிவேப்பிலை வாசத்தையும் என்னால் இன்றைக்கும் பிரிக்க முடியாது.

ஓடி ஓடி நாடா இழுபட்டுப்போய், குரல்கள் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் ஆகிவிட்ட பிறகு 2001இல் அது சீடியாக வந்தது. அட்டையிலேயே இடத்தின் பெயரும் திகதியும். பொம்பிடூ மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கண்டேன். அதற்கிடையில் நாடுநாடாகக் கள்ளப் பதிப்புகளாக அலைந்த இரவு அது. சரியான பெயரோடு, சரியான வீட்டு முகவரியோடு வந்து சேர்ந்ததைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இரைச்சல் இல்லாமல் கேட்டபோது, கசெற்றில் நான் கேட்டேயிராத சிறிய விஷயங்கள் எழும்பி வந்தன. மொரிஸின் வலக்கை தாளத் தட்டில் செய்கிற நுணுக்கம், பாட்டுகளுக்கு நடுவே சுருதி சரிபார்க்கும் ஒன்றிரண்டு தட்டல்.

சீடியில் பாரிஸ் ஒன்பதுக்குப் பிறகு 1980 ஜனவரியில் ஒல்லாந்தில் வாசித்தவையும் சேர்ந்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் பரடீசோ மண்டபத்தில் மூன்று, ஐந்தோவனில் நான்கு. இடம் மாறுவது காதுக்கு உடனே தெரியும். பரடீசோ முன்னர் தேவாலயமாக இருந்த கட்டடம், ஒலி அங்கே மேலே போகிறது. கடைசிப் பாட்டு 'அட்மொஸ்ஃபியர்'. அது முதலில் வெளிவந்ததும் பிரான்சில்தான். ரூவனில் இருந்த சோர்டீட் சென்டிமென்டல் என்ற சின்ன நிறுவனம் 1980 மார்ச்சில் இலக்கமிட்ட 1,578 பிரதிகள் மட்டும் போட்டது. அந்த மெதுவான, அகலமான பாட்டை எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் பாரிஸ் ஒன்பதையும் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் ஒல்லாந்துக்குப் போகவேண்டும் என்பது என் எண்ணம். இரண்டும் இரண்டு பயணம்.

விடுதி 2010இல் மூடப்பட்டது. 2013இல், திருத்த வேலை தொடங்குமுன், தெரு ஓவியர்களைக் கூப்பிட்டு வெற்றுச் சுவர்களைக் கொடுத்தார்கள். 2015இல் ஆடம்பர ஹொட்டேலாகத் திறந்தார்கள். திறந்த பிறகுதான் நான் முதல்முறையாக அந்தத் தாடிக்கல் முகத்துக்குக் கீழால் உள்ளே போனேன். கோப்பிக்குக் காசு கொடுக்கிறவனை இப்போது யாரும் மறிப்பதில்லை. கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் பார்த்தேன். நான் காதால் அளந்து வைத்திருந்ததைவிட இடம் சிறிது. இவ்வளவு சிறிய இடத்துக்குள்ளா அவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு அந்தப் பதிவின்மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

வெளிநாடுகளில் இருந்து சொந்தக்காரர் வந்தால் லாசப்பலில் சேலையும் நகையும் பார்த்து முடிந்தபின், மெற்றோ நாலாம் இலக்கத்தில் ஏற்றி பூர் லாபேக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். போன கோடையில் ரொறொன்ரோவில் இருந்து மச்சான் வந்திருந்தார். இளவயதில் ஊரில் கோயில் கோயிலாகத் தவில் வாசித்தவர், தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பக்கத்தில் இருந்து கேட்ட தலைமுறை. எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்கவைத்துக் காதில் 'ஷடோபிளே' போட்டேன். ஆங்கிலப் பாட்டே கேட்காத மனிசன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் கணக்குப் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு பாடுகிறவன் யார் என்றோ, என்ன பாட்டு என்றோ கேட்கவில்லை.

"இந்த மேளக்காரப் பெடியனுக்குக் கை நல்ல சுத்தமடாப்பா. அடுத்ததைப் போடு."